பத்தில் ஒரு தடவை

மார்ச் 9, சனிக்கிழமை

முடிச்சு அவர்களுக்கு,

"அவர்களுக்கு" என்று போடும்போதே கை கூசுகிறது. மூன்று வருடமாக "என்ன முடிச்சு, இன்னைக்கு எத்தனை கம்பியைச் சிக்கலாக்கினீங்க?" என்று கேட்டுப் பழகிய வாய். ஆனால் நீங்கள் நம் இணைய மன்றத்தை விட்டே போன பிறகு பழைய உரிமையில் கூப்பிடலாமா என்று தெரியவில்லை.

உங்கள் மின்னஞ்சல் முகவரியை, மன்றத்தை மேற்பார்க்கும் காவலரிடம் மூன்று நாள் கெஞ்சி வாங்கினேன். "அந்த மனுஷன் கணக்கையே மூடிட்டுப் போயிட்டார். நீ எதுக்கும்மா மறுபடி போய் நோண்டறே?" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் என்றேன். "அதைப் போன வாரமே கேட்டிருக்கலாம்" என்றார். வாஸ்தவம். நான் முன்பே எதையும் தள்ளிப்போடுகிறவள். பாப்பா பிறந்த பிறகு இன்னும் மோசம்.

என் பக்கத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு நீங்கள் ஒரு படம் போட்டீர்கள். எழுத்தில் நிரல் எழுதுகிறவர்களின் குணம் சட்டென்று தெரியாது. நம்மைப் போல் பெட்டி வைத்து, கம்பி இழுத்து, நிரலைப் படமாகவே வரைகிறவர்களின் வண்டவாளம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். உங்கள் படத்தில் ஒரே தாளில் நூற்று நாற்பது பெட்டி. கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வளைந்து, வந்த வழியே திரும்பிப் போயின. கீழே உங்கள் கேள்வி: "பத்துத் தடவை சோதித்தால் ஒன்பது தடவை மணி அடிக்கிறது. ஒரு தடவை அடிப்பதில்லை. ஏன்?"

நான் அந்தப் படத்தின் குறுக்கே ஒரு பெரிய சீப்பை வரைந்து உங்களுக்கு "வாரச் சிக்குத்தலை" மகுடத்தைச் சூட்டினேன். வெள்ளிக்கிழமை மகுடம், சனி ஞாயிறு கிண்டல், திங்கட்கிழமை விடை. நான் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. இதற்கு முன் நான்கு தடவை வாங்கியிருக்கிறீர்கள். நான்கு தடவையும் "அடுத்த வாரமும் எனக்கே குடுத்துடுங்க, அலமாரியில இடம் இருக்கு" என்று சிரித்தவர்தான் நீங்கள். இந்தத் தடவை அறுபத்தோரு பேர் பதில் போட்டார்கள். "இது நிரலா, குளியலறை வடிகால்ல இருந்து எடுத்ததா?" என்று ஒருவர் கேட்டது கொஞ்சம் அதிகம்தான். நீங்கள் சாயங்காலம் நாலு மணிக்கு "சிரிச்சு முடிச்சதும் யாராவது பதில் சொல்லுங்கப்பா, இன்னைக்கே வேணும்" என்று எழுதினீர்கள். அதையும் கிண்டலில் சேர்த்துக்கொண்டோம்.

சனிக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல். நூற்று இரண்டு. அந்த இரண்டு நாளும் என் உலகம் தெர்மாமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. திங்கள் காலை விடையைப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் உங்கள் பெயர் இருந்த இடத்தில் "கணக்கு மூடப்பட்டது".

கோபம் நியாயம்தான். பரிகாரமாக என் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன், நீங்கள் ஆசை தீரக் கிழிக்கலாம். எதுவென்று பார்த்ததுமே தெரியும். பாப்பா மூன்று வாரம் முந்திப் பிறந்தாளே, அவள் மூச்சை எண்ணுவதற்காக நான் வரைந்தது. வயிற்றில் கட்டும் அந்தப் பெல்ட்டிலிருந்து எண்ணே வராமல் நான் விழித்தபோது நான்கு நாள் கூடவே இருந்து கம்பி கம்பியாகப் பார்த்துக் கொடுத்தது நீங்கள்தான். இப்போது அவளுக்கு ஏழு மாதம். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிமிடத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு என்று திரையில் ஓடும். தினமும் ஒன்றிரண்டு தடவை திடீரென்று பூஜ்யம் காட்டும். அடுப்பில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவள் கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். பெல்ட் நழுவுகிறது போலிருக்கிறது. டாக்டரிடம் மூன்று தடவை தூக்கிக்கொண்டு போய்விட்டேன். "மெஷினைக் கழட்டுங்கம்மா" என்கிறார். வீட்டுக்காரர் "திரையைப் பார்க்காதே, பிள்ளையைப் பாரு" என்கிறார். இரண்டையும் பார்க்கிறேன்.

திரும்பி வாருங்கள். நீங்கள் இல்லாமல் எனக்குச் சிக்கெடுக்க ஆளில்லை.

சீப்பு


மார்ச் 11, திங்கட்கிழமை

சீப்பு,

கடிதம் கிடைத்தது. மகுடத்துக்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியில் இடம் இருக்கிறது என்று நான்தானே சொன்னேன்.

அந்த மணி எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்து விஷயத்தை வெளியே எழுதக் கூடாது. இனி எழுதினால் என்ன?

நான் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். பிரசவப் பிரிவில் தாய்ப்பால் சேமிக்கும் அறை ஒன்று உண்டு. பால் மிஞ்சுகிற அம்மாக்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். முந்திப் பிறந்து, சொந்த அம்மாவிடம் பால் வராத குழந்தைகளுக்கு அதைச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். அந்த உறைபெட்டி சூடானால் அடிக்கிற மணி அந்த வாரம் புதன்கிழமை செத்துப்போனது. புதிது வர மூன்று வாரம் என்றார்கள். "அதுவரைக்கும் நீங்களே ஏதாவது பண்ணுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டணும்" என்றார் மேலாளர். ஒரு பழைய கணினி, ஒரு வெப்பமானி, ஒரு மணி. மீதியை வரைந்தேன்.

சூடு எல்லையைத் தாண்டும்போது நிரலுக்குள் ஒரு கொடி, அதாவது ஓர் அடையாளம், ஏறும், ஒரே ஒரு தடவை. இடதுபக்கப் பெட்டி கொடியைப் பார்த்து மணியை அடிக்கும். வலதுபக்கப் பெட்டி கொடியை இறக்கும். நான் இடமிருந்து வலமாகப் படிக்கிறவன். மென்பொருளும் அப்படியே போகும் என்று கை போன போக்கில் வைத்துவிட்டேன். நடுவில் கம்பி இல்லாவிட்டால் எது முதலில் என்று அதற்கு அக்கறை கிடையாது. இது நமக்கெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்த பாடம்தான். தெரிந்திருந்தும் நூற்று நாற்பது பெட்டியில் அந்த ஓர் இடம் கண்ணில் படவில்லை. இறக்குகிறது முந்திக்கொண்டால் பார்க்கிறதற்குக் கொடியே தெரியாது. பத்தில் ஒரு தடவை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு உறைபெட்டியின் மோட்டார் நின்றது. மணி அடிக்காத அந்தப் பத்தில் ஒரு தடவை, அந்தத் தடவையாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்க்கவும் என்று கதவில் தாள் ஒட்டியிருந்தேன். "மணிதான் இருக்கே" என்று யாரும் பார்க்கவில்லை. ஞாயிறு காலை தலைமை சிஸ்டர் கதவைத் திறந்தபோது தண்ணீர் வழிந்திருக்கிறது.

இருநூற்றுப் பன்னிரண்டு புட்டி. கரைந்த பாலை மறுபடி உறைய வைக்க முடியாது. ஒவ்வொரு புட்டியிலும் பெயரும் தேதியும் இருக்கும். படித்து, பதிவேட்டில் அடித்து, அப்புறம்தான் கொட்ட வேண்டும். நானே கொட்டினேன். அதில் பதினொன்று, குழந்தை பிழைக்காத ஓர் அம்மா ஒரு வாரம் தொடர்ந்து வந்து கொடுத்தது.

உங்கள் திங்கட்கிழமை விடையைப் படித்தேன். மூன்றே வரி. தெளிவாக இருந்தது. படித்துவிட்டுக் கணக்கை மூடினேன்.

உங்கள் படத்தைத் திறக்கவில்லை.

முடிச்சு


மார்ச் 12, செவ்வாய்க்கிழமை

முடிச்சு,

உங்கள் கடிதத்தைக் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன். அப்புறம் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து நின்றிருந்தேன் போலிருக்கிறது. "அதுக்குள்ள என்ன தேடறே?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

என் பெட்டியின் மேல்தட்டில், உறைய வைக்கும் இடத்தில், பதினான்கு புட்டி இருக்கிறது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பும்போது பாப்பாவுக்கு வேண்டுமே என்று எடுத்துச் சேர்த்தது. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு புட்டி நிரம்ப சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். கரெண்ட் பத்து நிமிடம் போனாலே நான் கதவைத் திறக்க விடமாட்டேன். பதினான்குக்கே இப்படி. நீங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பெயரைப் படித்திருக்கிறீர்கள்.

அந்தப் பதினொன்றைப் பற்றிய வரியை மூன்று தடவை படித்தேன்.

குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்? அதை மட்டும் தயவுசெய்து எழுதுங்கள். பாப்பாவுக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் சனிக்கிழமையே எட்டிப் பார்த்திருப்பேன். அதை நினைத்து நினைத்துத் தலை வெடிக்கிறது.

நான் ஏதாவது செய்ய முடியுமா? எதுவானாலும் சரி.

சீப்பு


மார்ச் 14, வியாழக்கிழமை

சீப்பு,

எட்டு நாள் பொடிப்பாலில் ஓட்டினார்கள். இரண்டு குழந்தைகளுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாமல் மறுபடி குழாய் போட வேண்டியதாயிற்று. இப்போது தேறிவிட்டார்கள். தலைமை சிஸ்டர் தினமும் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். நான் கேட்பதில்லை. அவராகவே சொல்கிறார்.

செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். முடியும்.

இருபதாம் தேதி, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை. "தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி செய்தார், யாரிடமும் கேட்கவில்லை" என்று மேலாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாட்டச் சொன்னவர் அவர்தான் என்பதை எழுத மறந்துவிட்டார். பதினாறு வருட வேலை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்பி, கருவி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உள்ளே போக அனுமதி இல்லை.

நீங்கள் சோதனைக் கூடத்தில் ஆறு வருடம் இதே மென்பொருளில் வேலை செய்தவர், பட்டமும் இருக்கிறது. உங்கள் சொந்தப் பெயரில் ஒரு கடிதம் வேண்டும். நான் வெள்ளிக்கிழமையே கேட்டேன் என்பதும், அந்தத் தவறு எளிதில் கண்ணில் படாதது என்பதும் அதில் இருந்தால் போதும். அறுபத்தோரு பேர் பார்த்தும் திங்கட்கிழமை வரை ஒருவருக்கும் பிடிபடவில்லை என்று எழுதுங்கள். அது உண்மைதானே. சிரித்தார்கள், ஆனால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அதுதான் ஒரே ஆறுதல்.

முடிச்சு


மார்ச் 16, சனிக்கிழமை

முடிச்சு,

கட்டாயம் எழுதுகிறேன். அதில் சந்தேகமே வேண்டாம்.

சில விஷயம் மட்டும் தெளிவு செய்துகொள்ள வேண்டும். கடிதம் யார் பெயருக்கு? என் வேலை இடத்தையும் குறிப்பிட வேண்டுமா, பட்டம் மட்டும் போதுமா? நான் இப்போது விடுப்பில் இருக்கிறேன், அதனால் கேட்கிறேன். எங்கள் பிரிவுத் தலைவரும் மன்றத்தில் இருக்கிறார். "தராசு" என்ற பெயரில் வருவாரே, அவர்தான். நான் திரும்பி வருவதைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். என் இடத்தில் ஒரு தற்காலிகப் பெண் நன்றாகவே செய்கிறாளாம். அதையும் அவரே சொன்னார், நான் கேட்காமல்.

"ஒருவருக்கும் பிடிபடவில்லை" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதலாமா? "உடனடியாக விடை வரவில்லை" என்று போட்டால் போதாதா? கருத்து ஒன்றுதான்.

பாப்பாவுக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது. எதைக் கொடுத்தாலும் கடிக்கிறாள். நேற்று மறுபடி பூஜ்யம் காட்டியது, இரண்டு தடவை. ஓடினதில் வாசற்படியில் கால் இடித்துக்கொண்டேன். உட்கார்ந்து இரண்டு வரி எழுதினால் கூப்பிட்டுவிடுகிறாள்.

திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்.

சீப்பு


மார்ச் 18, திங்கட்கிழமை

சீப்பு,

சீப்புக்குப் பல் போய்விட்டதா?

வேலை இடம் வேண்டாம், பட்டம் போதும். வாக்கியம் உங்கள் இஷ்டம். நாளை சாயங்காலத்துக்குள் கிடைத்தால் அச்செடுத்து வைத்துக்கொள்வேன். மன்றத்துப் பக்கத்தையும் அச்செடுத்தேன். பத்தொன்பது தாள். சீப்புப் படம் முதல் தாளிலேயே இருக்கிறது. விசாரணைக்கு வருகிற பெரியவர்களும் கொஞ்சம் சிரிக்கட்டும்.

வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் டப்பாவைக் கட்டுவதை நிறுத்தவில்லை. "பெஞ்சில உட்கார்ந்தாலும் பசிக்கும்ல" என்றாள்.

முடிச்சு


மார்ச் 21, வியாழக்கிழமை

முடிச்சு,

நேற்று பதினொரு மணி ஆனதைச் சமையலறைக் கடிகாரத்தில் பார்த்தேன். பதினொன்றேகால், பதினொன்றரை. பாப்பா மடியில் இருந்தாள். இந்தத் தடவை அவளைச் சாக்குச் சொல்லப் போவதில்லை. அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் சும்மாதான் இருந்தன.

நீங்கள் கேட்ட கடிதத்தை என்னால் எழுத முடியவில்லை, ஏனென்றால் அது பொய். அறுபத்தோரு பேருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு நீங்கள் படம் போட்டீர்கள். மூன்று முப்பத்திரண்டுக்கு நான் பார்த்துவிட்டேன். இரண்டு பெட்டி, நடுவில் கம்பி இல்லை. உங்கள் படத்தை நான் எத்தனை தடவை வாரியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? விடையை அப்போதே தட்டினேன். திங்கட்கிழமை நீங்கள் படித்த அதே மூன்று வரி: "கொடியைப் பார்க்கும் பெட்டிக்கும் இறக்கும் பெட்டிக்கும் நடுவில் காத்திரு கம்பி போடுங்கள். அதில் எதுவும் ஓட வேண்டியதில்லை. முதல் பெட்டி முடியும்வரை இரண்டாவது காத்திருக்கும், அவ்வளவுதான்." அதை அனுப்பாமல் சேமித்து வைத்தேன். வழக்கம் திங்கட்கிழமைதானே. உடனே சொல்லிவிட்டால் வேடிக்கை போய்விடுமே.

காய்ச்சலும் பொய்யில்லை. ஆனால் சனிக்கிழமை காலை மருந்து கொடுத்து அவள் தூங்கியபோது எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. மன்றத்தைத் திறந்தேன். அறுபத்தோரு பதிலையும் படித்தேன். வடிகால் என்று எழுதியவருக்கு ஒரு சிரிப்புப் படம் போட்டேன். சேமித்து வைத்ததை அனுப்ப ஒரே ஒரு தட்டு போதும். அப்போது மணி பத்தே முக்கால். உங்கள் மோட்டார் நின்றது இரண்டு மணிக்கு.

ஏன் தட்டவில்லை என்று பத்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் அசிங்கமாக இருக்கிறது. வேலையிலிருந்து நின்று ஏழு மாதமாகிவிட்டது. நாள் முழுக்க அணையாடை, துணி, பால், துடைப்பு. நான் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரி என்பது அந்த மன்றத்தில் மட்டும்தான் மிச்சமிருந்தது. திங்கட்கிழமை காலை எல்லாரும் "சீப்புன்னா சீப்புதான்" என்று சொல்வார்கள். அதற்காக வைத்திருந்தேன்.

இத்துடன் விசாரணைக்கான கடிதம் இருக்கிறது. சொந்தப் பெயர், பட்டம், வேலை இடம், எல்லாம் போட்டிருக்கிறேன். விடையைத் தட்டிய நாளும் மணியும் மன்றத்தில் பதிவாகியிருக்கும். அதையும் இணைத்திருக்கிறேன். ஒரு நாள் தாமதம் என்று தெரியும். நேற்று எழுத முடியாததை இன்று எழுத முடிந்ததற்குக் காரணம், நேற்று நேரம் கடந்துவிட்டது என்பதுதான் என்று நீங்கள் நினைத்தால், அது தப்பு என்று அடித்துச் சொல்ல எனக்கு வாயில்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை.

சீப்பு


மார்ச் 21, வியாழக்கிழமை

சீப்பம்மா,

உங்கள் படத்தை இப்போதுதான் திறந்தேன். கடிதத்துக்குப் பதில் அப்புறம், இது அவசரம்.

கீழே இடது மூலை. மூச்சின் எண்ணிக்கையைத் திரைக்கு அனுப்பும் பெட்டி, பக்கத்திலேயே எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் பெட்டி. நடுவில் கம்பி இல்லை. பூஜ்யமாக்குவது முந்திக்கொள்ளும்போது திரையில் பூஜ்யம் வருகிறது. பெல்ட் நழுவவில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை. காத்திரு கம்பி ஒன்று போடுங்கள். ஓடாதீர்கள்.

முடிச்சு


மார்ச் 21, வியாழக்கிழமை

என் கடிதம் போனது மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு. உங்கள் பதில் வந்தது மூன்று இருபத்து நான்குக்கு. பத்தொன்பது நிமிடம். அதற்குள் அவ்வளவு நீளக் கடிதத்தையும் படித்திருக்கிறீர்கள்.

கம்பியைப் போட்டுவிட்டேன்.


ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை

சீப்பம்மா,

பதிலுக்கு நாளாகிவிட்டது. இரண்டு மூன்று தடவை எழுதி அழித்தேன்.

விசாரணையில் மூன்று பேர். மேலாளர் பேசினார், தலைமை சிஸ்டர் பேசினார். சிஸ்டர் எனக்காகத்தான் பேசினார். கடைசியில் நடுவில் இருந்தவர் கேட்டார்: "இந்தத் தப்பு இருக்குன்னு முன்னாடியே யாருக்காவது தெரியுமா?" யாருக்கும் தெரியாது என்றேன். "இத்தனை பேரைக் கேட்டிருக்கீங்க, ஒருத்தருக்குமா தெரியலை?" தெரியலை என்று அடித்துச் சொன்னேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன். பத்தொன்பது தாளையும் கொடுத்தேன். "விளையாட்டுத் தளத்தில் ஆலோசனை கேட்டார்" என்று எழுதிக்கொண்டார்கள்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. சலவைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நான்கு பெரிய இயந்திரம், ஒவ்வொன்றிலும் முப்பது கிலோ விரிப்பு. எந்த இயந்திரத்தையும் திறக்க எனக்கு அனுமதி இல்லை. பொத்தானை அமுக்கலாம். கணினி கிடையாது. சூடு கொஞ்சம் அதிகம், மற்றபடி தொல்லையில்லை. அவள் டப்பாவோடு மோர் ஒரு பாட்டில் வைக்கிறாள்.

உங்கள் கடிதம் என் அஞ்சல் பெட்டியில் இருக்கிறது. கொடுக்கவில்லை. கொடுத்தால் எனக்குப் பழைய இடம் திரும்புமா என்று தெரியாது, உங்கள் இடம் போவது நிச்சயம். கைக்குழந்தைக்காரி. அதனால் வைத்துக்கொண்டேன். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

மன்னிக்கச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும். வெள்ளிக்கிழமை நாலரைக்குத்தான் அந்த மணியைச் சுவரில் மாட்டினேன். மூன்றரையிலிருந்து நாலரை வரை கையில் திருப்புளியோடு மன்றத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒரு வரி போடுவார்கள் என்று. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சிரிப்பு வந்திருக்கும்.

குழந்தை பூஜ்யம் காட்டுகிறதா இன்னும்?

முடிச்சு


ஏப்ரல் 13, சனிக்கிழமை

முடிச்சு,

இல்லை. கம்பி போட்ட பிறகு பதினேழு நாள் ஒரு பூஜ்யம்கூட இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டையே கழற்றிவிட்டேன். முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் "அதுக்கு பெல்ட்டே தேவலை" என்றார். இப்போது குறைந்திருக்கிறது.

நீங்கள் அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம். நானே நேராக உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள், ஏப்ரல் மூன்று. நீங்கள் எனக்காகப் பொறுக்க வேண்டியதில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்கூட. அவர்கள் பதில் எதுவும் போடவில்லை. போடுவார்களா என்றும் தெரியவில்லை. மன்றத்திலும் எல்லாவற்றையும் எழுதினேன், மகுடத்தை எடுத்துவிட்டேன். அறுபத்தோரு பேரில் நான்கு பேர்தான் பதில் போட்டார்கள். வடிகால்காரர் உங்கள் முகவரி கேட்டார். கொடுக்கவில்லை. நீங்கள் சொன்னால் கொடுக்கிறேன்.

தராசு கூப்பிட்டுப் பேசினார். "மே மாசம் பார்க்கலாமே" என்றார். அந்த "பார்க்கலாமே" எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் மேல்தட்டுப் புட்டிகள் இப்போதைக்குத் தேவைப்படாது என்று ஆயிற்று. இந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் பால் சேமிக்கிற அறை இருக்கிறது. விசாரித்தேன். வந்து சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். எல்லாம் சரி என்று சொன்ன பிறகு நேற்று பத்தரை மணிக்கு, பதினான்கு புட்டியையும் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் ஒரு தொழில்நுட்பர், உங்கள் வேலைதான். புட்டிகளை எண்ணி, பெயர் எழுதி, தேதி பார்த்து அடுக்கினார். உறைபெட்டிக்கு மேலே ஒரு சின்ன மணி இருந்தது.

"இது அடிக்குமா?" என்றேன்.

"அடிக்கும்மா."

"அடிச்சுக் காட்டுங்களேன்."

சோதனைப் பொத்தானை அமுக்கினார். அடித்தது.

"இன்னொரு தடவை."

அமுக்கினார். "போதுமாம்மா?"

"பத்துத் தடவை அடிங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் குழந்தை இருப்பதைப் பார்த்துத்தான் வெளியே போகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மூன்று, நான்கு, ஐந்து. நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழாவதில் பாப்பா விழித்துக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள். "நிறுத்தட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றேன். எட்டு. ஒன்பது. பத்தாவதுக்கு முன்னால் அவர் கையை எடுத்து, "என்னம்மா விஷயம்?" என்று கேட்டார்.

அமுக்குங்கள், சொல்கிறேன் என்றேன்.

பத்தாவதும் அடித்தது. அப்புறம், குழந்தை அழுகையை நிறுத்தும்வரை காத்திருந்து, அவரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன்.

சீப்பு